மூணு மைனாப் பெட்டியில் பதினொரு தப்பு

செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். விருதுநகரில் வழக்கமான வெயில். அதாவது, மாடியில் காயப்போட்ட வேட்டி இருபத்தாறு நிமிடத்தில் காய்ந்துவிட்டது. காற்று இல்லை. மேற்கே ஒரே ஒரு மேகம். அதுவும் நம் ஊருக்கு வருகிற உத்தேசத்தில் இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது.

ராஜேந்திரன். என் மனைவி சரோஜாவின் தம்பி. திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கிறான். பட்டாசு அடைக்கும் அட்டைப் பெட்டிகளை அச்சடித்துக் கொடுப்பது தொழில். தீபாவளிக்கு நாற்பத்தொரு நாள் இருக்கையில் அவன் யாருக்கும் போன் பண்ண மாட்டான். சீசன். பண்ணுகிறான் என்றால் ஏதோ நடந்திருக்கிறது.

"அத்தான், நீங்க இங்கிலீஸ் தெரிஞ்ச ஆளு. ஒண்ணு கேக்கணும். நம்ம கம்ப்யூட்டர்ல முத்துலட்சுமின்னு ஒரு பொண்ணு உக்காந்திருக்கும்ல? அது ஒரு பெட்டியோட எழுத்தை இஷ்டத்துக்கு மாத்திருச்சு. ஒம்பதாயிரத்து அறுநூறு பெட்டி அடிச்சு முடிச்சாச்சு. பார்ட்டி எடுக்க மாட்டேங்கான். ஏம்மா மாத்துனேன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்குது. இன்னைக்குச் சாயங்காலம் கணக்கு முடிச்சு அனுப்பிரலாம்னு இருக்கேன். அதுக்கு முந்தி, அது மாத்துனது சரியா தப்பான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"எந்தப் பெட்டி?"

"மூணு மைனா. பூச்சட்டிப் பெட்டி." புஸ்வாணத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் பூச்சட்டி.

என் போனில் பேசுகிற நேரம் திரையில் ஓடும். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் அவன் நிறுத்தினான். நான் வாயைத் திறந்தது இரண்டு நிமிடம் மூன்று விநாடியில். நடுவில் பதினொரு விநாடி சும்மா போனது. அந்தப் பதினொரு விநாடிக்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

ஏனென்றால் அந்தப் பெட்டியின் எழுத்தை மாற்றியவன் நான்தான்.

"நேர்ல வர்றேன் மாப்ளே. நான் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணை அனுப்பாதே" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மீதியைப் போனில் சொல்லத் தைரியம் இல்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். முப்பத்து நான்கு வருடம் கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்தவன். சட்டைப்பையில் சிவப்பு பால்பாயிண்ட் பேனா இல்லாமல் வெளியே போனது மூன்றே தடவை. ஆங்கிலத்தில் ஒரு வரியைப் பார்த்தால் அர்த்தம் அப்புறம்தான் தெரியும். தப்பு முதலில் தெரியும்.

ஜூஸ் கடையில் 'ஃப்ரெஷ்' என்ற வார்த்தையை மேற்கோள் குறிக்குள் போட்டிருப்பார்கள். மேற்கோளுக்குள் போட்டால் என்ன அர்த்தம்? 'ஃப்ரெஷ் என்று சொல்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது' என்று அர்த்தம். கடைக்காரரிடம் சொன்னேன். "அழகுக்குப் போட்டது சார்" என்றார்.

பெயர்ப் பலகைகளில் 'எஸ்' என்ற எழுத்துக்கு முன்னால் தலைக்கு மேல் ஒரு கொக்கி தொங்கும். அப்பாஸ்ட்ரஃபி. 'சாரீஸ்' என்றாலும் கொக்கி, 'டயர்ஸ்' என்றாலும் கொக்கி. அந்தக் கொக்கி உடைமையைக் காட்டுவதற்கு... டயருக்கு என்ன உடைமை? 'இட்ஸ்' என்பதில் கொக்கி போட்டால் 'இட் ஈஸ்' என்று பொருள், போடாவிட்டால் 'அதனுடைய'. இதை நான் எழுதியே இந்தப் பத்தியில் மூன்று தடவை ஆயிற்று. எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் இன்னும் இரண்டும் இடம் மாறித்தான் வருகின்றன.

அப்புறம் 'ரிப்ளை பேக்'. ரிப்ளை என்றாலே திரும்பச் சொல்வதுதான். அதையும் திரும்ப எதற்குச் சொல்ல வேண்டும்? 'டிஸ்கஸ் அபவுட்' — அபவுட் வேண்டாம். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' — பல நண்பர்களில் ஒருவர் என்றால் நண்பர்கள் பன்மையில்தானே இருக்க வேண்டும்? மூன்று புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒன்பது புள்ளி. 'குட் மார்னிங்'குக்குப் பின்னால் ஏழு ஆச்சரியக்குறி. பொழுது விடிந்ததில் அவ்வளவு ஆச்சரியமா?

சரோஜா சொல்வாள்: "நம்ம கல்யாணப் பத்திரிகையில நாலு தப்பு இருக்குன்னு தாலி கட்டுறதுக்கு முந்தி சொன்ன ஆளுதானே நீங்க." நாலு இல்லை. ஐந்து.

சரி, மூணு மைனாவுக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில், தம்பிக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு தூக்கு நிறைய அதிரசத்தைச் சரோஜா என்னிடம் கொடுத்து அனுப்பினாள். பிரஸ்ஸுக்குப் போனேன். ராஜேந்திரன் பேப்பர் லோடு இறக்கப் போயிருந்தான். கம்ப்யூட்டர் முன்னால் முத்துலட்சுமி மட்டும். முப்பது வயதிருக்கும். அம்மா இன்றைக்கும் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவர். அந்தக் குடும்பத்தில் வெடிமருந்து படாத கையோடு வேலைக்குப் போகிற முதல் ஆள் இவள்தான். பிரஸ்ஸில் ஆறு வருடம். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி.

"சார், சும்மாதான இருக்கீக? ஒரு உதவி பண்ணுவீகளா?" என்றாள். "பளைய கம்ப்யூட்டர் போச்சு. இந்தப் பெட்டியோட எழுத்தைப் புதுசா அடிச்சிருக்கேன். பளைய பெட்டியோட ஒத்துப் பாத்துச் சொல்லுங்க, எதுவும் விட்டுப் போச்சான்னு."

கவனியுங்கள். அவள் கேட்டது ஒத்துப் பார்க்க. பிரஸ் தொழிலில் அது ஒரு தனி வேலை. பழையதில் என்ன இருக்கிறதோ அதுவே புதியதில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. சரியா தப்பா என்று பார்ப்பது அந்த வேலையில் சேராது.

நான் பெட்டியை வாங்கிப் பார்த்தேன்.

ஒரு கிளையில் மூன்று மைனா. கீழே மஞ்சள் பட்டை. அந்தப் பட்டைக்குள்தான் எழுத்தெல்லாம். பெயர் 'த்ரீ மைனா'. மூன்று இருந்தும் ஒருமை. ஒன்று. 'ஸ்பெஷல்' மேற்கோளுக்குள். இரண்டு. 'கலர்ஸ்' என்பதில் கொக்கி. மூன்று. அதற்குப் பின்னால் ஐந்து ஆச்சரியக்குறி. ஒன்றை அனுமதிக்கலாம். மீதி நாலும் தப்பு. ஆக, ஏழு. குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்கச் சொல்கிற இடத்தில் 'சில்ட்ரன்ஸ்'. சில்ட்ரனே பன்மை, அதற்கு மேல் ஒரு எஸ். எட்டு. திரியைப் பற்றவைத்துவிட்டு விலகி நிற்கச் சொல்லும் இடத்தில் 'கோ பேக் இமீடியட்'. கோ பேக் என்றால் வந்த வழியே ஊருக்குத் திரும்பிப் போ என்று அர்த்தம். ஒன்பது. இமீடியட்டுக்கு 'லி' என்கிற வால் இல்லை. பத்து. வார்த்தைக்கு ஒரு இடைவெளி தள்ளி, துணைக்கு ஆளில்லாமல் நிற்கிற ஒரு காற்புள்ளி. பதினொன்று.

ஓர் உள்ளங்கை அகலப் பட்டையில் பதினொன்று. கை சும்மா இருக்குமா?

சிவப்புப் பேனாவை எடுத்தேன். அவள் எடுத்து வைத்திருந்த ப்ரூஃபில், அதாவது மாதிரி அச்சில், பதினொரு வட்டம் போட்டேன். ஓரத்தில் திருத்தம் எழுதினேன்.

முத்துலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அதைத் தொடக்கூடாது சார். காப்பியில என்ன இருக்கோ அதைத்தான் அடிக்கணும்னு மொதலாளி சொல்லிருக்காக" என்றாள்.

"தப்புன்னு தெரிஞ்சும் அடிக்கிறதா?"

"மொதலாளிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிரவா?"

"நான் சொல்லிக்கிறேன். இங்க பாரு, கையெழுத்தே போடுறேன்" என்று போட்டேன். 'திருத்தியபின் ஓகே'. பெயர், தேதி, மணி எல்லாம். நாலு இருபது பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மனது நிறைந்திருந்தது. ராஜேந்திரனிடம் சொல்ல மறந்துபோனேன்.

அதுதான் நடந்தது. செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பி வருவோம்.

"எங்க கிளம்பிட்டீக?" என்றாள் சரோஜா. சொன்னேன். ஒளிக்க முடியாது. ஒளித்தால் அவள் தம்பி சொல்லிவிடுவான்.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு உங்க பேரைச் சொல்லவே இல்லையா?"

"சொல்லலையே."

"அப்ப நீங்க போய்ச் சொல்லுங்க. ஓடுங்க. சாப்பாடு வந்து பாத்துக்கலாம்."

விருதுநகரிலிருந்து திருத்தங்கலுக்கு அன்றைக்குப் பஸ் ஐம்பத்து மூன்று நிமிடம் எடுத்தது. வழக்கமாக ரோட்டோரப் பலகைகளில் தப்பு எண்ணிக்கொண்டே போவேன். அன்று ஆமத்தூர் தாண்டும்வரை ஒன்றைக்கூட எண்ணவில்லை. வேறொரு கணக்கு ஓடியது. 'காப்பியை மாத்தினவ' என்று ஒரு பிரஸ்ஸில் பெயர் வாங்கிவிட்டால், திருத்தங்கலிலும் சிவகாசியிலும் வேறு பிரஸ்ஸில் நாற்காலி கிடையாது. ஒருவருக்கொருவர் போனில் சொல்லிவிடுவார்கள். அப்புறம் அவளுக்கு என்ன இருக்கிறது? அம்மாவோடு காலையில் கம்பெனி வேன் ஏற வேண்டியதுதான்.

பிரஸ்ஸுக்குள் நுழைந்தபோது கட்டுக் கட்டாகப் பெட்டி. மடிக்காமல் தட்டையாக, நூறு நூறாகக் கட்டித் தொண்ணூற்றாறு கட்டு. முத்துலட்சுமி கம்ப்யூட்டர் முன்னால் இல்லை. ஓரத்தில் ஒரு ஸ்டூலில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? போகச் சொல்லியாயிற்று, இன்னும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் மிச்சம்.

ராஜேந்திரனோடு மேசை முன்னால் மூணு மைனாப் பெட்டிக்காரரும் இருந்தார். ஜெயக்கொடி அண்ணாச்சி. சின்னப் பட்டாசுக் கம்பெனி. பூச்சட்டிக்குப் பேர்போனவர்.

"மாப்ளே, அந்தப் பெட்டியை மாத்துனது நான்தான்" என்றேன்.

ராஜேந்திரன் சிரித்துவிட்டான். "அத்தான், அவளைக் காப்பாத்தணும்னு சொல்றீக. வயசான ஆளு, இரக்கம். வாங்க, முதல்ல தண்ணி குடிங்க."

"இல்லடா, நெசமாத்தான்."

"உங்களுக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் அத்தான்?"

வாழ்க்கையில் முதல்முறையாக என் தப்பை நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. முத்துலட்சுமியைப் பார்த்தேன். "அந்த ப்ரூஃப் எங்கம்மா?"

அவள் எழுந்திருக்கவில்லை. "எந்த ப்ரூஃப் சார்?"

"நான் கையெழுத்துப் போட்டது."

பையைத் திறந்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். ராஜேந்திரன் விரித்தான். பதினொரு சிவப்பு வட்டம். அடியில் என் பெயர், தேதி, மாலை மூன்று மணி ஐம்பத்தெட்டு.

"ஏம்மா, இதைக் காலையிலயே காட்டிருக்கலாம்ல?" என்றான்.

"நீங்க அவுகளை அத்தான்னு கூப்பிடுறீக. அக்கா வீட்டுக்காரர். ஒரு பேப்பரை நீட்டிச் சொந்தத்துக்குள்ள சண்டை இளுத்து விட்டேன்னு அந்தப் பேரும் எனக்கு வரணுமா? பையில வச்சிருந்தேன். வீட்டுக்குப் போயி கிளிச்சுப் போடலாம்னு."

மின்விசிறிக்குக் கீழே காகிதம் படபடத்தது. நான் அவளிடம் "மன்னிச்சிரும்மா" என்றேன். சரளமாக வரவில்லை. ஆனால் வந்தது.

ராஜேந்திரன் காகிதத்தை மேசையில் வைத்தான். "கையெழுத்து யாரு போட்டாலும் கம்ப்யூட்டர்ல கை வச்சது இவதான அத்தான்? என்னைக் கேக்கலையே. இப்ப இந்தப் பெட்டி போகலைன்னா நான் யாரைச் சொல்ல? வேலை மிச்சமா இல்லையாங்கிறது பெட்டி போனப்புறம்தான்."

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டது. "இப்ப இங்கிலீஸ் சரியாத்தானே இருக்கு? இதை எடுக்க மாட்டேன்னு எவன் சொல்றான்?"

ஜெயக்கொடி அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது.

"சார், எங்கய்யா காலத்துப் பெட்டி இது. அவுகளுக்கு இங்கிலீஸ் தெரியாது. அச்சுக் கோக்குற ஆளு இந்த ஆச்சரியக்குறி ஒண்ணு வச்சிருக்காரு. எங்கய்யா பாத்துட்டு, 'நல்லாருக்குப்பா, கம்பி மத்தாப்பு நட்டு வச்ச மாதிரி இருக்கு, அஞ்சா வையி'ன்னுட்டாக. அவுகளுக்கு அது எளுத்து இல்ல. மத்தாப்பு."

"சரி."

"எட்டு வருசத்துக்கு முந்தி எவனோ ஒருத்தன் நம்ம மைனாவை அப்படியே அடிச்சு வடக்க விட்டுட்டான். படம் அச்சு அசல் நம்ம படம். ஆனா படிச்ச பய போல... இங்கிலீசை அம்புட்டையும் திருத்திட்டான். உள்ள சரக்கு புஸ்ஸுனு போயிருச்சு. அன்னையில இருந்து வடக்க உள்ள கடைக்காரன் என்ன பண்ணுவான் தெரியுமா? பெட்டியைக் கையில எடுத்தா மைனாவைப் பாக்க மாட்டான். மத்தாப்பை எண்ணுவான். அஞ்சு இருந்தா அசல். ஒண்ணு இருந்தா டூப்ளிகேட்."

நான் போட்டது ஒன்று.

அன்று காலையில், வடக்கே உள்ள டீலரின் ஆள் வழக்கம்போலப் பிரஸ்ஸுக்கே வந்து ஒரு பெட்டியை உருவி எண்ணிப் பார்த்திருக்கிறார். "உங்க சரக்குதான்னு எனக்குத் தெரியும். என் கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? மூஞ்சியில எறிவான்" என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை மாலைக்குள் சரியான பெட்டி காட்டினால் ஆர்டர். இல்லாவிட்டால் இல்லை.

எண்ணுவது என் வேலை என்று எழுபத்து மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் தெரியாத எத்தனையோ கடைக்காரர்கள் என்னைவிட ஒழுங்காக எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

திரும்ப அச்சடிக்க அட்டை இல்லை, நாள் இல்லை. முத்துலட்சுமிதான் மெதுவாகச் சொன்னாள்: "எளுத்தெல்லாம் அந்த மஞ்சப் பட்டையிலதான் இருக்கு. பட்டை அளவுக்கு ஸ்டிக்கர் அடிச்சு மேல ஒட்டிரலாம் மொதலாளி." ராஜேந்திரன் ஜெயக்கொடி அண்ணாச்சியைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ஸ்டிக்கரின் ப்ரூஃப் வந்தது. ராஜேந்திரன் அதையும் பழைய பெட்டியையும் என் முன்னால் வைத்தான். "நீங்களே பாருங்க அத்தான். தப்பெல்லாம் சரியா இருக்கான்னு."

என் ஆயுசில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் சரிபார்த்ததில்லை. நல்ல ஆங்கிலம் என்றால் கண் தானாகப் போகும். தப்பை அதே தப்பாகப் பார்ப்பதற்குக் கண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மூன்று தடவை எண்ணினேன். பத்துதான் வந்தது.

"ஒண்ணு குறையுது" என்றேன்.

"எல்லாம் இருக்கே சார்?"

"சில்ட்ரன்ஸுல எஸ் இல்ல."

"அய்ய... கம்ப்யூட்டர் தானா திருத்திருக்கும் சார்."

"அது திருத்துனா நாம விட்டுர்றதா? எஸ் போடும்மா."

சொன்னது நான்தான். கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் அந்த எஸ்ஸை வெட்டிக்கொண்டே வந்தவன் நான். முத்துலட்சுமி திரும்பிப் பார்க்காமல் எஸ் போட்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

கையெழுத்துப் போடப் போனேன். "சார், 'ஒத்துப் பார்த்தேன்'னு எளுதுங்க. வேற எதுவும் எளுதிராதீக" என்றாள். எழுதினேன்.

புதனும் வியாழனும் ஒட்டினோம். நாலு பெண்கள், முத்துலட்சுமி, நான். காலை ஒன்பதரைக்குத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தால் ஒரு மணிவரை. பிறகு மறுபடியும். அவர்கள் ஆளுக்கு மணிக்கு இருநூற்றைம்பது ஒட்டினார்கள். நான் எண்பத்து நான்கு. அதிலும் நேராக ஒட்டியது எத்தனை என்று சொல்ல மாட்டேன்.

"சார் ஒட்டுனதெல்லாம் ஏன் பஸ்ஸு வளைவுல திரும்புற மாதிரி இருக்கு?" என்றார் எதிரே இருந்த அக்கா.

"மைனா பறக்குதுக்கா. விடுங்க" என்றார் இன்னொருவர்.

"சாருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அடுத்தவுக எளுத்துன்னாத்தான் தெரியும்போல."

முத்துலட்சுமி நான் ஒட்டிய ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள். "ரெண்டு மில்லி ஏறியிருக்கு சார்." பிரித்து மறுபடி. "இது சாயுது சார்." மறுபடி. முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களுக்கு நான் செய்ததுதான் அது. மரியாதையாகவே செய்தாள் — அதுதான் இன்னும் வலித்தது.

இரண்டு நாளும் மதியம் விருதுநகரிலிருந்து நான் வாங்கிப்போன எண்ணெய்ப் பரோட்டா. "இதுல ஒண்ணும் தப்பு இல்லையே சார்?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். ஒரு பொட்டலத்தில் சால்னா குறைவாக இருந்தது. சொல்லாமல் இருந்தேன். அதைச் சொல்லாமல் இருந்தது பெரிய விஷயம் என்பது என் வாசகர்களுக்குப் புரியும்.

வியாழக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடம். டீலரின் ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, வாயில் பாக்கு. கட்டுகளுக்கு நடுவே நடந்தார். முன்னால் இருந்ததை எடுக்கவில்லை. நடுவில் போய், அடியிலிருந்து ஒரு பெட்டியை உருவினார்.

அது நான் ஒட்டியது; முத்துலட்சுமியின் கண்ணுக்கு எப்படியோ தப்பியது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.

முத்துலட்சுமிக்கும் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் மேசையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் சுண்டுவிரலை வைத்து எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. மறுபடி ஒருமுறை, வலமிருந்து இடமாக. பிறகு பெட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

"கை வேலை?" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

"கை வேலைதான்" என்றான் ராஜேந்திரன்.

"டூப்ளிகேட் ஆளு நேரா ஒட்டுவான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டின் மேல் வைத்தார். "கம்பெனிக்கு லோடு ஏத்துங்க."

அவர் தெருமுனை திரும்பினார். பிறகு அந்த நாலு பெண்களும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு... சரி, அதை விடுங்கள்.

ராஜேந்திரன் முத்துலட்சுமியிடம் போனான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. சரோஜாவோடு ஐம்பது வருடம் வாழ்ந்தவன் சொல்கிறேன். "நாளைக்கு வளக்கம்போல வந்திரு" என்றான். அப்புறம், "காலையில கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றான். அது செவ்வாய்க்கிழமைக் காலை. அவள் சரியாகப் புரிந்துகொண்டாள்.

"இனிமே எவன் வந்து சொன்னாலும் ஒரு எளுத்தைத் தொடக்கூடாது. எங்கத்தானே வந்து நின்னாலும் சரி."

"அவுக வந்தா வாசல்லயே பேனாவை வாங்கி வச்சுக்கிரவா மொதலாளி?" என்றாள்.

வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

இதனால் நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 'இட்ஸ்' கொக்கி இன்னும் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும். உங்கள் மகன் வேலைக்கு அனுப்புகிற கடிதத்தில் 'ரிப்ளை பேக்' இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் கடைப் பலகையில் 'ஃப்ரெஷ்'ஷின் இரு பக்கமும் இருக்கிற குறிகளை இன்றைக்கே அழியுங்கள். அவையெல்லாம் உங்களுடையவை. நீங்கள் எழுதியது, நீங்கள் திருத்துவது.

அடுத்தவர் எழுத்து என்றால் மட்டும், பேனா மூடியைக் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். இது நிற்பதால் யாருக்கு என்ன ஆகிறது, போனால் யாருக்கு என்ன ஆகும்? திருத்துகிறவன் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு நாலு இருபது பஸ்ஸில் ஏறிவிடுகிறான். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் வேறு ஒருவர்.

செலவை ராஜேந்திரன் என்னிடம் வாங்க மாட்டேன் என்றான். சரோஜா போனை வாங்கி, "வாங்கிக்கடா. காசு போனாத்தான் இவுகளுக்கு மனசுல நிக்கும்" என்றாள். வாங்கிக்கொண்டான். ஸ்டிக்கர் நாலாயிரத்து முன்னூற்று இருபது. ஒட்டிய நாலு பேருக்கு இரண்டு நாள் கூலி மூவாயிரத்து அறுநூறு. பரோட்டா நானூற்று எண்பது. மூன்று நாள் போக வரப் பஸ் நூற்றைம்பது. இடுப்புக்குத் தைலம் நாற்பத்தெட்டு.

மொத்தம், எட்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.